65-இல் தொடங்கும் பாடம் தமிழுக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் நிரல் பாடத்தில், எழுத்துகளின் குறியீட்டு எண்களைக் கொடுத்து எழுத்துச் சரம், அதாவது எழுத்துகளின் தொடர், உருவாக்கும் பகுதியைப் படித்தோம். 65 முதல் 90 வரை ஒரு மடக்கு (ஒரே கட்டளையை ஒவ்வொரு எண்ணுக்கும் திரும்பச் செய்யும் நிரல்துண்டு) ஓட்டி, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26-ஐயும் அச்சிட்டுக் காட்டிய விதம் தெளிவு. ஆனால் கடைசியில், ‘தமிழுக்கும் இதே முறைதான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த வரியை நம்பி, க தொடங்கி ஹ முடிய, அதாவது 2965 முதல் 3001 வரை மடக்கு ஓட்டுகிற மாணவருக்கு 37 எழுத்துகள் வராது. 23 எழுத்துகளும் 14 வெற்றுக் கட்டங்களும்தான் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. தன் கணினியில் எழுத்துரு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அதைத் தேடிப் போவார். கோளாறு எழுத்துருவில் இல்லை, அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

கணினி ஓர் எழுத்துக்குத் தரும் குறியீட்டு எண் வேறு, நினைவகத்தில் கிடக்கும் பைட் (0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் தாங்கும் சேமிப்பு அலகு) வேறு, கண்ணுக்குத் தெரியும் எழுத்து வேறு. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்திவிடுகின்றன. ஓர் எண், ஒரு பைட், ஓர் எழுத்து. அதனால் 65-ஐ வைத்துக் கற்றவருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படுவதில்லை. தமிழில் முதல் சொல்லிலேயே பட்டுவிடும்.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கத் தேவையான எண்கள் 2980, 2990, 3007, 2996, 3021. முதல் எண் த. அடுத்தது ம. மூன்றாவது, இகரத்தின் கொக்கி. நான்காவது ழ. ஐந்தாவது புள்ளி. எண்ணிப் படித்தால் மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையில் ஐந்து எண். அந்த எண்களைப் பைட்களாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதினால் பதினைந்து பைட். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகளில் இந்தச் சரத்தின் நீளத்தைக் கேட்டால் 5 என்று பதில் வரும். ‘மூன்றெழுத்துக்கு மேல் கூடாது’ என்று நீளத்தை வைத்துக் கட்டுப்பாடு போட்டால் தமிழ் என்ற சொல்லே தள்ளுபடியாகும். முதல் மூன்றை மட்டும் வெட்டி எடுத்தால் ‘தமி’ என்று நிற்கும். சரத்தைத் திருப்பிப் போட்டால் புள்ளி முதலில் வந்து, உட்கார இடமின்றி, துணையில்லாத குறியைத் தாங்கத் திரை காட்டும் புள்ளிவட்டத்தின் மேல் தொங்கும். எழுத்தாக எண்ண வேண்டுமானால் உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னிருக்கும் மெய்யோடு சேர்த்து ஒன்றாகக் கொள்ளும் கருவி வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘இன்டல் செக்மென்டர்’ அந்த வேலையைச் செய்யும்.

மேலே சொன்ன 14 வெற்றுக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன? யூனிகோடில் தமிழுக்கான பகுதி 2944-இல் தொடங்கி 3071-இல் முடிகிறது. மொத்தம் 128 இடங்கள். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி என்ற குறியீட்டு வரிசையை ஒட்டியே இந்த அமைப்பு உருவானது. க-வுக்கும் ங-வுக்கும் நடுவே பிற இந்திய மொழிகளில் மூன்று எழுத்துகள் உண்டு, தமிழில் இல்லை. அதனால் 2965 க, 2966, 2967, 2968 மூன்றும் காலி, 2969 ங. ச 2970, அடுத்த 2971 காலி, 2972 ஜ. உயிரெழுத்திலும் இப்படித்தான். அ முதல் ஊ வரை 2949 முதல் 2954 வரை ஒழுங்காக ஓடும். எ, ஏ, ஐ 2958-க்குத் தாவும். 2961 காலி. ஒ, ஓ, ஔ 2962 முதல் 2964 வரை. ஆகவே தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கொடுத்து ஓட்டும் மடக்கு தமிழுக்கு ஆகாது. 12 உயிர், 18 மெய், 11 உயிர்க்குறி ஆகியவற்றின் எண்களை மூன்று அணிகளில் (எண் பட்டியல்களில்) எழுதிவைத்துக்கொண்டு அவற்றின் மேல் மடக்கு ஓட்டுவதே சரி.

ஆனால் அந்த மூன்றாவது அணியைக் கையால் எழுதவே வேண்டாம். ஆ 2950, அதன் துணைக்கால் 3006. இ 2951, கொக்கி 3007. எ 2958, ஒற்றைக்கொம்பு 3014. ஐ 2960, இணைக்கொம்பு 3016. ஔ 2964, அதன் குறி 3020. கழித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வித்தியாசம் 56. பதினோரு உயிருக்கும் ஒன்றுகூடத் தப்பாமல் 56-தான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள 32-ஐ உங்கள் பாடம் அழகாகச் சொல்லிக் கொடுத்தது. தமிழ் மாணவருக்கு அதைவிடப் பயன்படும் எண் இந்த 56. அகரம் மட்டும் விலக்கு. 2949-உடன் 56-ஐக் கூட்டினால் 3005, அது காலி இடம். அகரத்துக்குத் தனிக் குறி கிடையாது என்ற இலக்கணம் எண்ணிலும் அப்படியே நிற்கிறது.

மெய்மேல் உயிர் ஏறும் புணர்ச்சியை இந்த ஓர் எண்ணை வைத்தே நிரலாக்கிவிடலாம். ‘தமிழ்’ என்பதோடு ‘ஐ’ உருபைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். நிலைமொழியின் கடைசி எண் 3021, அதாவது புள்ளி, என்று உறுதிசெய்துகொண்டு அதை நீக்குங்கள். வருமொழியின் முதல் எண் 2960. அதோடு 56-ஐக் கூட்டினால் 3016. ஒட்டுங்கள்: 2980, 2990, 3007, 2996, 3016. திரையில் ‘தமிழை’. வருமொழி அகரத்தில் தொடங்கினால் புள்ளியை நீக்கிவிட்டு எதையும் ஒட்டாமல் அகரத்தையும் விட்டுவிட வேண்டும். இந்த விலக்கை மறந்தால் சொல் நடுவே 3005 என்ற வெற்றுக் கட்டம் முளைக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘கல்’ போன்ற தனிக்குறில் சொற்களில் ஒற்று இரட்டித்துக் ‘கல்லை’ ஆகும். அது இலக்கண விதி, எண் கணக்கு அதைத் தானாகச் செய்யாது. இரட்டிக்கும் ஒற்றை 2994, 3021 என்று தனியாகச் சேர்த்த பிறகே உயிரேற்ற வேண்டும்.

247 எழுத்துகளின் அட்டவணையையும் இப்படியே பெறலாம். 18 மெய்யையும் வெறுமனே எழுதினால் அகர வரிசை, ஒவ்வொன்றோடும் 11 குறிகளை ஒட்டினால் மீதி உயிர்மெய், ஆக 216. மெய்யோடு 3021-ஐ ஒட்டினால் 18. உயிர் 12. ஆய்தம் 2947. கூட்டுத்தொகை 247 வராவிட்டால் எங்கோ ஒரு காலி இடம் நுழைந்திருக்கிறது, அல்லது ஒரு கொம்பு விடுபட்டிருக்கிறது. மாணவர் தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எங்களுக்குத் தெரியவில்லை.

கொம்பு என்றதும் ஒரு பெரிய குழப்பம் நினைவுக்கு வருகிறது. ‘கெ’ என்று காகிதத்தில் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். தட்டச்சுப் பொறியிலும் பழைய எழுத்துருக்களிலும் அப்படித்தான். யூனிகோடில் ஒலிக்கும் முறையே வரிசை. முதலில் 2965, பிறகு 3014. கொம்பைக் கண்ணுக்கு இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவின் வேலை. 3014, 2965 என்று மாற்றிக் கொடுத்தால் கொம்பு புள்ளிவட்டத்தை அணைத்துக்கொண்டு தனியே நிற்கும், க அடுத்து வரும். நடுச்சொல்லில் இது நேர்ந்தால் இன்னும் மோசம். கொம்பு முந்திய எழுத்தின்மேல் ஏறிக்கொண்டு, புள்ளிவட்டம் என்ற எச்சரிக்கையும் இல்லாமல், வேறொரு சொல்லாகவே மாறிவிடும்.

கொ, கோ, கௌ மூன்றும் தனிக்கதை. ‘கொ’ என்பதை 2965, 3018 என்று இரண்டு எண்ணாலும் எழுதலாம். 2965, 3014, 3006 என்று மூன்று எண்ணாலும் எழுதலாம். இரண்டும் யூனிகோடின் விதிப்படி சமம், திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் நிரலில் இரண்டையும் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்றே பதில் வரும். தேடினால் கிடைக்காத பெயர்களும் பட்டியலில் இரண்டு முறை வரும் ஒரே ஊரும் பெரும்பாலும் இப்படி விளைந்தவையே. தீர்வு எளிது. சரத்தை உருவாக்கி முடித்ததும், சேமிப்பதற்கு முன், சமமான வடிவங்களை ஒரே வடிவாக்கும் என்எஃப்சி வகை இயல்பாக்கத்துக்கு ஒரு முறை உட்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘நார்மலைஸ்’ என்பது சரத்தின் செயற்கூறாகவே, அதாவது பெயரிட்டு அழைக்கும் கட்டளையாகவே, இருக்கிறது. பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’ நூலகத்தில் இருக்கிறது. 3014, 3006 என்ற இணை 3018 ஆகும். 3015, 3006 என்ற இணை 3019 ஆகும். 3014, 3031 என்ற இணை 3020 ஆகும்.

அந்த 3031-ஐக் கவனியுங்கள். ‘ள’ போலவே இருக்கும், ஆனால் ள அன்று. ஔகாரத்தின் வலப்பக்க உறுப்பு மட்டுமே. ளகரம் 2995. 2965, 3014, 2995 என்று எழுதினால் கண்ணுக்குக் ‘கௌ’ போலத் தெரியும். உண்மையில் அது கெ, ள என்ற இரண்டு எழுத்து. இதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை அதில் பிழையே இல்லை. ‘ஸ்ரீ’ எழுத்திலும் இதே சிக்கல். 3000, 3021, 2992, 3008 என்றும் எழுதுகிறார்கள். 2998, 3021, 2992, 3008 என்றும் எழுதுகிறார்கள். 2998-க்கு உரிய ஶ 2005-இல் வந்த யூனிகோட் 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது, அதனால் அதற்கு முந்தைய கோப்புகளில் முதல் வடிவமே இருக்கும். இரண்டும் ஒரே உருவம், ஆனால் சமமன்று. தேடுபொறி எழுதுகிறவர் இரண்டையும் ஒன்றாக்கும் விதியைத் தாமே எழுத வேண்டும். தமிழ் இலக்கங்களும் இப்படி ஏமாற்றும். க 2965, ஒன்றைக் குறிக்கும் ௧ 3047. உ 2953, இரண்டைக் குறிக்கும் ௨ 3048. எ 2958, ஏழைக் குறிக்கும் ௭ 3053. கண்ணை நம்பாமல் எண்ணை அச்சிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

க்ஷ பற்றி ஒரு வரி. 2965, 3021, 2999 என்று கொடுத்தால் மூன்றும் கூடி ஒரே வடிவமாகிவிடும். ‘பக்‌ஷி’ என்பதில் வருவதுபோல் க்-உம் ஷ-வும் தனித்தனியே நிற்க வேண்டுமானால் புள்ளிக்கும் ஷ-வுக்கும் இடையே 8204-ஐ வைக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத பிரிப்பான். எண்ணால் எழுதுவதன் பெரும்பயன் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அடுத்து, எந்தச் செயற்கூறு எந்த எண் வரை தாங்கும் என்பது. உங்கள் பாடம் இதைத் தொடவே இல்லை, மாணவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இதில்தான். எண்ணை எழுத்தாக்கும் செயற்கூறாகப் பைத்தான் 3-இல் உள்ள ‘சிஹெச்ஆர்’ 0 முதல் 1114111 வரை எந்த எண்ணையும் ஏற்கும். மீறினால் பிழை சொல்லி நிற்கும். அதே பெயர் பிஹெச்பி மொழியில் இருந்தாலும் அது தருவது ஒரே ஒரு பைட். 2965-ஐக் கொடுத்தால் 256-ஆல் வகுத்து மீதியான 149-ஐ எடுத்துக்கொள்ளும், பிழை சொல்லி நிற்காது. அங்கே 7.2 பதிப்பிலிருந்து உள்ள ‘எம்பி சிஹெச்ஆர்’ செயற்கூறுதான் தமிழுக்கு உரியது. எக்செல் விரிதாளில் ‘கேர்’ 255-க்கு மேல் மதிப்புப் பிழை காட்டும். 2013 பதிப்பில் வந்த ‘யூனிகேர்’ தமிழைத் தரும். எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் ‘கேர்’ 255-ஐத் தாண்டினால் ‘நல்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பும். அதைப் பிற சரங்களோடு கூட்டல் குறியால் ஒட்டினால் வழக்கமான அமைப்பில் மொத்தச் சரமும் ‘நல்’ ஆகிவிடும். அங்கே ‘என்கேர்’ பயன்படுத்த வேண்டும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இன்னொரு மாதிரி. அதன் ‘கேர்’ 2965-ஐ 11, 149 என்ற இரண்டு பைட்டாகப் பிரித்து வைத்துவிடும்.

எக்செல் போன்ற மென்பொருள்களுக்குள் விபிஏ மொழியில் நிரல் எழுதுவோருக்கு இந்தக் கலை கட்டாயம் தேவை. அந்த நிரல் பதிப்பான் யூனிகோடை ஏற்காது. தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகளாக மாறும். ஆகவே ‘சிஹெச்ஆர்டபிள்யூ’ செயற்கூறுக்கு 2980, 2990 என்று ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்து உம்மைக்குறியால் (&) ஒட்டுவதுதான் வழி. ‘டபிள்யூ’ இல்லாத செயற்கூறுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்ணை எழுத்தாக்கும் ‘ஃப்ரம்கேர்கோட்’ தமிழ்ப் பகுதிக்குச் சரியாகவே வேலை செய்யும். அதனாலேயே அதன் எல்லை தெரியாமல் போகிறது. அது 16 பிட் மட்டுமே பார்க்கும். 65535-ஐத் தாண்டினால் 65536-ஐக் கழித்துக்கொண்டுவிடும். ‘அது ஸ்மைலி படங்களுக்குத்தானே’ என்று தள்ளிவிட முடியாது. தமிழின் பின்ன எண்களும் பழங்கணக்குக் குறிகளும் 2019-இல் வந்த யூனிகோட் 12 பதிப்பில் 73664 முதல் இடம்பெற்றிருக்கின்றன. முதல் இடத்தில் இருப்பது முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு. ‘ஃப்ரம்கேர்கோட்’ செயற்கூறுக்கு 73664-ஐக் கொடுத்தால் 8128-க்கு உரிய கிரேக்க ஒலிக்குறி ஒன்று வந்து நிற்கும். 2015 முதல் உள்ள ‘ஃப்ரம்கோட்பாயிண்ட்’ இதைச் சரியாகத் தரும்.

பழையதையே பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தால், அந்தப் பெரிய எண்ணுக்குப் பதிலாக நிற்கும் இரண்டு இணை எண்களைக் கையால் கணக்கிடலாம். 73664-இலிருந்து 65536-ஐக் கழித்தால் 8128. அதை 1024-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 960. ஈவை 55296-உடன் கூட்டினால் 55303. மீதியை 56320-உடன் கூட்டினால் 57280. இந்த இரண்டையும் அதே வரிசையில் கொடுத்தால் முந்திரி வரும். ஆனால் இந்த இணையை அப்படியே பைத்தானுக்கு எடுத்துப்போகக் கூடாது. அங்கே இரண்டும் ஒன்றுசேராது. கோப்பில் எழுதும்போது பிழை வெடிக்கும். பைத்தானுக்கு 73664 என்ற ஒரே எண்தான்.

சி மொழியில் வேறு வகைக் கவனம் வேண்டும். ‘தமிழ்’ சரத்துக்கு ஐந்து இடம் ஒதுக்கினால் போதாது; 15 பைட்டும் சரத்தின் முடிவைக் குறிக்கும் இறுதிச் சுழியம் ஒன்றும் சேர்த்து 16. அந்தச் சுழியத்தை மறந்தால் சரத்தின் வாலில் நினைவகக் குப்பை ஒட்டிக்கொண்டு வரும். ஜாவாவிலோ, ஒற்றைக் குறியுரு (ஒரே எண்ணாக நிற்கும் எழுத்தோ குறியோ) இரண்டைக் கூட்டல் குறியால் இணைத்தால் ஒட்டாது, கூட்டும். க-வையும் துணைக்காலையும் அப்படிச் சேர்த்தால் ‘கா’ வராது. 2965-உம் 3006-உம் கூடி 5971 என்று அச்சாகும். முன்னால் ஒரு வெற்றுச் சரத்தை வைத்துத் தொடங்கினால் இந்தச் சிக்கல் தீரும்.

பைட்களை ஒருமுறையாவது கையால் கணக்கிட்டுப் பார்க்கும்படி மாணவர்களைத் தூண்டுங்கள். க-வின் எண் 2965. 64-ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 21. மீதியோடு 128-ஐக் கூட்டினால் கடைசி பைட் 149. ஈவு 46, 64-க்குக் குறைவானதால் நடு பைட் 46-உடன் 128, அதாவது 174. மேலே எதுவும் மிஞ்சாததால் முதல் பைட் வெறும் 224. ஆக க என்பது யூடிஎஃப்-8 கோப்பில் 224, 174, 149. தமிழ்ப் பகுதி முழுவதற்கும் முதல் பைட் 224-தான். நடுவில் 174 அல்லது 175. இந்தக் கணக்குத் தெரிந்தவருக்குக் கெட்டுப்போன கோப்பு ஒன்றைப் பார்த்தவுடன் நோய் புரிந்துவிடும்.

எழுத்துக்குப் பதிலாக, தலையில் சாய்கோடிட்ட சிறிய ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 பைட்களை விண்டோஸ்-1252 என்ற ஒற்றை பைட் குறியீட்டு முறை என்று தவறாகப் படித்திருக்கிறார்கள். 224-உம் 174-உம் அங்கே அந்த உருவங்கள். பைட் கெடவில்லை என்பதால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் விண்டோஸ்-1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்தே இல்லை. உகரக் குறியின் கடைசி பைட் 129. புள்ளியின் கடைசி பைட் 141. ஏ 143, ஐ 144. இடையில் புகுந்த மென்பொருள் இந்த இடங்களைத் தூக்கியெறிந்திருந்தால், மீட்ட உரையில் புள்ளியும் உகரக் குறியும் ஏ, ஐ எழுத்துகளும் மட்டும் பார்த்துப் பார்த்துக் காணாமல் போயிருக்கும். காரணம் தெரியாதவருக்கு அது புரியாத புதிராகவே இருக்கும்.

கேள்விக்குறி மட்டுமே வரிசையாக வந்தால் நிலைமை வேறு. தமிழ் இல்லாத குறியீட்டு முறைக்கு மாற்றும்போது ஒவ்வொரு எண்ணும் 63 ஆகிவிட்டது. அதை மீட்க வழியே இல்லை, மூலக்கோப்பைத்தான் தேட வேண்டும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி என்றால் எண் 65533. மூன்று பைட்டை நடுவில் வெட்டியிருக்கிறார்கள். வெற்றுக் கட்டம் என்றால் காலி இடத்து எண், அல்லது எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை. புள்ளிவட்டம் என்றால் வரிசை தப்பு. கண்டபடி எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பதற்கு முன் இந்த ஐந்தில் எது என்று பார்த்தால் பாதி நாள் மிச்சமாகும்.

நடுவில் வெட்டுவது எப்படி நேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெரிய எண் அணியை ஒரே மூச்சில் ‘ஃப்ரம்கேர்கோட்’ செயற்கூறுக்குக் கொடுத்தால் அளவுருக்களின் உச்சவரம்பைத் தாண்டிப் பிழை வரும். அதனால் துண்டு துண்டாகக் கொடுக்கச் சொல்வார்கள். யூனிகோட் எண்களுக்கு அது சரி. பைட்களை அதே பழக்கத்தில் 8192, 8192 ஆகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே யூடிஎஃப்-8 என்று படித்தால் சிக்கல். 8192 மூன்றால் மீதியின்றி வகுபடாது. முழுக்கத் தமிழாக உள்ள உரையில் 2730 எண்களுக்குப் பிறகு இரண்டு பைட் மிஞ்சும். மூன்றாவது அடுத்த துண்டில் தனியே கிடக்கும். இரண்டு பக்கமும் 65533 முளைக்கும். எல்லா பைட்களையும் சேர்த்த பிறகு ஒரே முறை படியுங்கள். அல்லது ‘டெக்ஸ்ட்டீகோடர்’ செயற்கூறின் ‘ஸ்ட்ரீம்’ வசதியைப் பயன்படுத்துங்கள், அது மிச்ச பைட்டை அடுத்த துண்டுக்காகப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மடக்குக்குள் சரத்தோடு சரத்தை ஒட்டிக்கொண்டே போவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பல மொழிகளில் சரம் மாறாப் பொருள். ஒவ்வொரு ஒட்டலுக்கும் முழுச் சரமும் நகலாகும். 10,000 எழுத்துக்கு ஏறத்தாழ 5 கோடி எழுத்து நகல். சில இயக்கிகள் உள்ளுக்குள் இதைச் சமாளித்துவிடும், ஆனாலும் துண்டுகளைப் பட்டியலில் சேர்த்துக் கடைசியில் ‘ஜாயின்’ செய்வதே நல்ல வழக்கம். ஜாவாவில் ‘ஸ்ட்ரிங்பில்டர்’.

எண்கள் உரையாக வந்து சேரும் இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். ‘2980’ என்று கோப்பில் இருப்பது நான்கு எழுத்து. அதை எண்ணாக மாற்றிய பிறகே செயற்கூறுக்குக் கொடுக்க வேண்டும். 5 என்ற இலக்கத்தின் குறியீடு 53, மதிப்பு 5. இரண்டையும் குழப்பிக்கொண்டால் 48 எண் தள்ளிப்போகும். எண்களைப் பிரிப்பான் இல்லாமல் ஒட்டி வைக்காதீர்கள். 97 இரண்டிலக்கம், 2980 நான்கிலக்கம், 73664 ஐந்திலக்கம்; எங்கே வெட்டுவது என்று பிறகு யாருக்கும் தெரியாது. யூனிகோட் அட்டவணைகள் பதினறும (16-ஐ அடியாகக் கொண்ட) எண்ணில் அச்சாகியிருப்பதும் ஒரு பொறி. வளைந்த ஒற்றை மேற்கோள்குறிக்கு அங்கே 2019 என்று இருக்கும். அதைப் பதின்ம எண் என்று எடுத்துக்கொண்டால் மேற்கு ஆப்பிரிக்க எழுத்துமுறை ஒன்றின் எழுத்து வரும். சரியான பதின்ம எண் 8217.

வரிசைப்படுத்தலை எண்ணை நம்பி விடவே கூடாது. ன 2985, ப-வுக்கு முன்னால் வந்துவிடும். ற 2993, ல-வுக்கு முன்னால். ள, ழ, வ என்று தலைகீழாக நிற்கும். புள்ளி 3021, எல்லா உயிர்க்குறிக்கும் பெரிய எண்ணாதலால், அகராதியில் க-வுக்கு முன் வர வேண்டிய க் கௌ-வுக்கும் பின்னால் போகும். தமிழ் அகரவரிசை தெரிந்த ‘கொலேட்டர்’ செயற்கூறைப் பயன்படுத்த வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று. தெரியும் எழுத்தைத் தெரியும் எழுத்தாகவே நிரலில் எழுதுவதுதான் நல்லது. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் ‘தமிழ்’ என்று நேரே எழுதலாம். ஐந்து எண்ணை வரிசையாகப் பார்த்து அடுத்தவரால் படிக்க முடியாது. எண் தேவைப்படுவது கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு. வரி முறிப்பு 10. விண்டோஸ் கோப்பில் 13, 10 என்ற இணை. தத்தல் (டேப்) 9. இரட்டை மேற்கோள் 34. இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் ஒளிந்திருக்கும் உடையா இடைவெளி 160. எக்செலின் ‘ட்ரிம்’ இதை நீக்காது, தனியாக மாற்றியெழுத வேண்டும். கோப்பின் தலையில் ஒட்டிக்கொண்டு முதல் சொல்லைத் தேட முடியாமல் செய்யும் 65279. கடவுச்சொல்லை எண்களாக உடைத்து நிரலில் வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த எண்களைத் திரும்ப எழுத்தாக்க ஒரே ஒரு வரி போதும். அது மறைப்பே ஆகாது. எண்ணிலிருந்து உருவாக்கிய சரத்தைத் தரவுத்தளக் கட்டளைக்குள் நுழைக்கும்போது, நேரே தட்டச்சு செய்த உள்ளீட்டுக்குத் தரும் அதே காப்பை இதற்கும் தர வேண்டும்.

இந்தப் பகுதியின் அடுத்த வாரப் பாடத்தில் ‘எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்ற வரியைத் திருத்தி, 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களையும் உயிரோடு 56-ஐக் கூட்டும் அட்டவணையையும் அச்சிட வேண்டுகிறோம். அட்டவணையில் காலி இடங்களைக் காலியாகவே காட்டுங்கள். 3011, 3012, 3013, 3017 நான்கும் உயிர்க்குறிகளுக்கு நடுவே உள்ள காலி எண்கள். பயிற்சியாக, மாணவர்கள் தங்கள் பெயரை எண்களாக எழுதி, அதை மறுபடி பெயராக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பெயரில் ஒகரமோ ஓகாரமோ உள்ளவர்கள் இரண்டு வழியிலும் எழுதிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நிரல்மொழி கற்பிக்கும் வாசகர்கள்